பெஞ்சில் யார் இருந்தார்கள்?

2022 மே 5, விடியக்காலை இரண்டு மணி தாண்டியிருக்கும். கலவானயில் வழக்கம்போல மழை. கூட்டாளி வீட்டு டீவியில் சத்தத்தைக் குறைத்து வைத்து சம்பியன்ஸ் லீக் அரையிறுதி பார்த்துக்கொண்டிருந்தோம். ரியல் மட்ரிட்டும் மன்செஸ்டர் சிட்டியும். முதல் ஆட்டத்தில் 4-3 என்று சிட்டி வென்றிருந்தது. இந்த ஆட்டத்திலும் 73ஆவது நிமிடத்தில் மஹ்ரெஸ் ஒரு கோல் போட்டுவிட்டார். மொத்தமாக 5-3. "சரி, முடிஞ்சிருச்சி, போய் படுப்போம்" என்று நான் எழும்பிவிட்டேன். அவன்தான் "இருடா, முழுசா பாத்துட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 90ஆவது நிமிடம் ரொட்ரிகோ ஒரு கோல். அடுத்த நிமிடமே தலையால் இன்னொன்று. மேலதிக நேரத்தில், 95ஆவது நிமிடம் பென்சேமாவின் பெனால்டி. மொத்தம் 6-5, மட்ரிட் இறுதிப் போட்டிக்குப் போனது. நாங்கள் கத்தின கத்தலில் பக்கத்து காம்பராவில் இருந்த மாமா எழும்பி வந்து ஏசினார். மேட்ச் முடிந்து வீட்டுக்கு வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா பெரட்டுக்குக் கிளம்ப எழும்பிவிடுவார்.

அந்தப் போட்டியின் துண்டு வீடியோக்கள் இன்னும் போனில் வந்துகொண்டே இருக்கின்றன. பின்னால் ஒரு பாட்டு, மேலே ஒரு வரி: மனசு வச்சா முடியும், கடைசி வரைக்கும் விடாதே. வழிகாட்டல் கருத்தரங்கு என்று பாடசாலைகளுக்கு வருகிறவர்களும் இதே மாதிரிக் கதைகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கதை சொல்லும் விதத்தில் ஒரு பிரச்சினை இருக்கிறது. பொய் என்று சொல்லவில்லை. பாதிக் கதை என்கிறேன்.

அந்த இரண்டு கோல்களையும் திரும்பப் பாருங்கள். ரொட்ரிகோ ஆட்டத்தை ஆரம்பித்தவர் இல்லை. 68ஆவது நிமிடத்தில் குரூஸுக்குப் பதிலாக இறங்கினவர். முதல் கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த கமவிங்கா, 75ஆவது நிமிடத்தில் மொட்ரிச்சுக்குப் பதிலாக வந்தவர், வயசு 19. இரண்டாவது கோலுக்கு முன்னால் பந்தில் தலை வைத்த அசென்சியோவும் பெஞ்சில் இருந்து வந்தவர்தான். குரூஸ், மொட்ரிச் மாதிரி ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு இப்படியான ஆட்களை இறக்கக்கூடிய கழகம் அது. உலகத்தின் பெரிய பணக்காரக் கழகங்களில் ஒன்று. நாங்கள் என்னவோ ஏழை ஒருத்தன் ஜெயித்த மாதிரி லயத்தில் குதித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு காட்சியை அந்த வீடியோக்களில் அதிகம் காட்டுவதில்லை. 87ஆவது நிமிடம் கிரீலிஷ் அடித்த பந்து கோல் கோட்டுக்கே போய்விட்டது. மெண்டி அதைக் கடைசி நொடியில் தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிரீலிஷ் மறுபடியும் அடித்தார், கூர்த்துவா கால் நுனியால் தடுத்தார். அதில் ஒன்று உள்ளே போயிருந்தால் ரொட்ரிகோவின் கதையே கிடையாது.

எங்கள் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. 2019 பெப்ரவரி, டர்பன் டெஸ்ட். தென்னாபிரிக்காவுக்கு எதிராக 304 ஓட்டங்கள் எடுக்க வேண்டும். 226க்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153 அடித்து ஜெயிக்க வைத்தார். அந்தக் கடைசி 78 ஓட்டத்தில் விஷ்வ பெர்னாண்டோ எடுத்தது வெறும் 6. ஆனால் 27 பந்துகள் மறுபக்கம் நின்றார். அவர் ஒரு பந்தில் அவுட் ஆகியிருந்தால் குசலும் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த மேட்ச் பார்த்தபோது நானும் கூட்டாளியும் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்துக்கொண்டிருந்தோம். ஓகஸ்டில் வந்தது. இரண்டு பேருக்கும் இசட் புள்ளி போதவில்லை. அவனுடையது என்னுடையதை விடக் கொஞ்சம் கூட. நான் செக்கண்ட் ஷை எழுதினேன், இப்போது கலைப்பீடத்தில் இருக்கிறேன். அவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான்.

ஊரில் என்னைக் காட்டி, "பாரு, விழுந்து எழும்பினான்" என்று தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் எழும்பினதுக்குக் காரணம் என் மன உறுதி மட்டும் இல்லை. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த அக்கா, கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டு மாசா மாசம் காசு அனுப்பினார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும் என்று அம்மா மழையிலும் மலையை விட்டு இறங்காமல் நின்றார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிப்பது எப்படி என்று காட்டித் தந்தது ஒரு பழைய மாணவர். என் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். கூட்டாளிக்கு அப்பா இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வீட்டில் மூத்தவன் அவன்தான். அவன் வெளியே போனால் இறங்க ஆள் இல்லை. அது விலைவாசி வாராவாரம் ஏறின வருஷம் வேறு. அந்தக் குடும்பத்துக்கு அவனே பெஞ்ச்.

"அப்ப முயற்சிக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கிரீலிஷும் பெஞ்சில் இருந்து வந்தவர்தான், சிட்டியும் ஏழைக் கழகம் இல்லை, ஆனாலும் தோற்றது. பெஞ்ச் இருந்தால் கட்டாயம் ஜெயிப்போம் என்று நான் சொல்லவில்லை. பெஞ்ச் இல்லாதவனிடம் போய் "நீ மனசு வைக்கல" என்று சொல்லாதீர்கள் என்கிறேன். அது ஆறுதல் இல்லை, குற்றச்சாட்டு. தோட்டத்தில் எத்தனையோ பேர் அதை நம்பி, தங்களையே திட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

ஆகவே தோட்டத்தில் இருந்து கெம்பஸ் வந்திருக்கிற நாங்கள் செய்ய வேண்டியது கருத்தரங்கில் போய் எங்கள் வெற்றிக் கதையைச் சொல்வது இல்லை. பெஞ்சில் போய் உட்காருவது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது கடந்தகால வினாத்தாள்களையும் நோட்ஸையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பெறுபேறு வந்த வாரமே புள்ளி குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போகலாம், ஏனென்றால் வேலைக்கு அனுப்புவதா இல்லையா என்ற முடிவு பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் எடுக்கப்படுகிறது. விண்ணப்ப முடிவுத் திகதியை ஞாபகப்படுத்தலாம். கடையில், காமெண்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கலாம். இதுக்கெல்லாம் பெரிய காசு தேவையில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று தரம் எழுதலாம். கூட்டாளி ஒருதரம்தான் எழுதியிருக்கிறான். போன மாசம் அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி ஓ லெவல் முடிக்கட்டும், பாப்போம்" என்றான். அரசியல் விஞ்ஞான நோட்ஸ் முழுவதையும் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு இரவு என்னைப் படுக்கப் போகவிடாமல் கையைப் பிடித்து இழுத்தவன் அவன்தானே.