இரண்டரை வயதுக்கு என்னய்யா ஷேம் ஷேம்?

என் பேத்தி நான்கு நாட்களாக வெளிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அழுதாள். "ஆய் வருதாட்டி?" என்று அவள் ஆச்சி கேட்டதற்கு "வரல, வரல, நான் குட் கேர்ள்" என்றாள். வயது இரண்டு வருடம் எட்டு மாதம்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். பிள்ளை அடக்கி வைக்கிறாள். ஏன் அடக்குகிறாள் என்று விசாரித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

சித்திரை மாதம் வாக்கில் என் மருமகள், "மாமா, இவளுக்குப் பாட்டி ட்ரெயினிங் ஆரம்பிக்கணும்" என்றாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம். அப்படியானால் ஆச்சி ட்ரெயினிங்தானே என்று நான் கேட்டு, சிரிப்பு முடிந்தபின் பார்த்தால் அது உண்மையாகிவிட்டது. என் மனைவிதான் செய்தாள். கடையில் வாங்கிய வாத்து வடிவ பிளாஸ்டிக் சேர் ஒன்று. காலையில் எழுந்ததும், சாப்பிட்டபின், தூங்கி எழுந்தபின் கொஞ்ச நேரம் அதில் உட்கார வைப்பது. வந்தால் கைதட்டு. வராவிட்டால் ஒன்றுமில்லை, எழுந்து போ. என் வேலை பக்கத்தில் உட்கார்ந்து நரிக்கதை சொல்வது. பிள்ளையும் தயாராகத்தான் இருந்தாள். இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருப்பாள். போவதற்குத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிவாள். போனபின் "தாத்தா, உச்சா" என்று கையைப் பிடித்து இழுப்பாள். இதெல்லாம்தான் அடையாளம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஒன்றரை மாதத்தில் பகலில் பெரும்பாலும் பழகிவிட்டாள். தரையில் போகாமலா இருந்தாள்? போனாள். துடைத்தோம்.

ஜூன் மாதம் ப்ளே ஸ்கூல். விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம்: குழந்தை டாய்லெட் ட்ரெயின்டா, ஆம் அல்லது இல்லை. 'இல்லை' என்று போட்டால் இடம் கிடையாது. பெருமையாக 'ஆம்' என்று டிக் அடித்தது நான்தான்.

புது இடம், புது முகங்கள், பெரியவர்களுக்கான உயரமான கோப்பை, கால் ஊன்ற இடமில்லை. இரண்டாம் வாரம் பிள்ளை வகுப்பிலேயே ஜட்டியில் போய்விட்டாள். அங்கிருந்த மிஸ், மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு "ஷேம் ஷேம் பப்பி ஷேம்" பாட வைத்திருக்கிறார். பதினெட்டுப் பிள்ளைகள் கோரஸ். அதற்கப்புறம் ஆயா வரும்வரை ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்டேன். "விளையாட்டாத்தான் சார் பாடினோம். அப்பத்தான் சீக்கிரம் கத்துக்குவாங்க" என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது.

என்ன கற்றுக்கொண்டாள் தெரியுமா? ஆய் வருவது தப்பு என்று கற்றுக்கொண்டாள். எங்கே போக வேண்டும் என்பதை அவளுக்கு ஏற்கெனவே ஆச்சி சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. வருவதே கெட்ட காரியம் என்பதுதான் பள்ளிக்கூடம் புதிதாகச் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை புத்திசாலி. வராமலே பார்த்துக்கொண்டால் குட் கேர்ள்.

அடக்க அடக்க உள்ளே மலம் தண்ணீர் வற்றி இறுகுகிறது. இறுகியது வெளியே வரும்போது வலிக்கிறது, சில நேரம் கிழிந்து ரத்தமும் வரும். வலித்ததால் அடுத்த தடவை இன்னும் அடக்குகிறாள். நாள்பட்டால் குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிப்போகும். அப்புறம் இறுகியதைச் சுற்றி நீராகக் கசிந்து ஜட்டியைக் கறையாக்கும். அதைப் பார்த்துவிட்டு வயிற்றுப்போக்கு என்பார்கள், அல்லது திமிர் என்று நான்கு அடி வைப்பார்கள். மறுபடி அடக்குவாள். ஒரு பாட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

"அந்தக் காலத்தில் ஒரு வயதிலேயே பழக்கிவிடுவோம்" என்று சிலர் எழுத வருவீர்கள், தெரியும். நானும் அதே காலம்தான். என் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பாள். அருமையான முறை, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பழகியது பிள்ளையைவிட அம்மாதான். பிள்ளை முகம் எப்போது மாறும் என்று அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க வீட்டில் இருந்தாள், பிள்ளை ஜட்டி இல்லாமல் முற்றத்தில் திரிந்தது, தப்பிப் போனால் ஒரு சொம்பு தண்ணீர். இன்றைக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், மூன்றாவது மாடியில், அதை ஒரு வயதில் செய்து காட்டு என்று மருமகளை இடித்துரைப்பது நியாயமில்லை. அந்தக் காலத்து மாமனார்கள் எத்தனை பேர் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டோம்? நான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு நாள்கூடக் கழுவிவிட்டதில்லை.

டயப்பருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் சரக்கு அதில் இருப்பதால், நனைந்தது பிள்ளைக்கே தெரிவதில்லை. தெரியாததை எப்படிச் சொல்லும்? அமெரிக்காவில் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர், பிள்ளை தயாராகும்வரை காத்திருங்கள், அவசரப்படுத்தாதீர்கள் என்று 1962-ல் எழுதினார். பெரிய மனிதர், சொன்னதும் நல்ல யோசனை. அதே மனிதர் 1990-களில் பேம்பர்ஸ் விளம்பரத்தில் வந்து, பெரிய பிள்ளைகளுக்கான சைஸைப் பற்றிப் பேசினார். காத்திருப்பதில் யாருக்கு லாபம் என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்தான். ஆனாலும் என் பேத்திக்கு வயிறு இறுகிப் போனது காத்திருந்ததால் அல்ல. அவமானப்படுத்தியதால்தான்.

இனி நான் சொல்வது எனக்கே கஷ்டமானது.

முப்பத்து நான்கு வருடம் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு. சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு "சார், ஒன்னுக்கு" என்று நிற்கிற பிள்ளையிடம் "இன்டர்வெல்லுக்குப் போயிட்டுத்தானே வந்தே, உட்காரு" என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! ஒருவனை விட்டால் பின்னால் பத்துப் பேர் விரலைத் தூக்குவார்கள் என்பது என் நியாயம். ஒரு நாள் ஒரு பையன் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா கூட்டிவந்து, "இனிமே செய்யமாட்டான் சார்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்து, பீரோவுக்குப் பின்னால் நின்ற என் பேத்தியைப் பார்த்தபோதுதான் அவன் முகம் ஞாபகம் வந்தது.

ஆகவே அந்த மிஸ்ஸைத் திட்டுவதற்கு எனக்குப் பாதி யோக்கியதைதான். மாதம் சொற்பச் சம்பளத்துக்கு அந்தப் பெண் பதினெட்டுப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறாள். ஒரு ஆயாவையே மூன்று வகுப்புக்கும் ஓடவிட்டுவிட்டு, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைப் போடுகிற நிர்வாகத்தைத்தான் கேட்கிறேன். இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியிலும் சேர்க்கிறார்கள். அங்கே யாரும் ட்ரெயினிங் சான்றிதழ் கேட்பதில்லை. எல்லா மையத்திலும் கழிப்பறை ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் உதவியாளர் அம்மா வாய் பேசாமல் கழுவிவிட்டு வேறு கால்சட்டை மாட்டிவிடுவார். வருடத்துக்கு நாற்பதாயிரம் வாங்குகிற இடத்தில் அது முடியாதா? உயரம் குறைந்த கோப்பை, அல்லது கால் வைக்க ஒரு மணைப்பலகை. ஒன்றரை மணிக்கொருமுறை கூட்டிப்போக ஒரு ஆள். மாற்றுத்துணி. வாயைத் திறக்காமல் மாற்றிவிடுகிற பழக்கம். வேறென்ன கேட்கிறோம்?

பெற்றோர்களே, சேர்க்கப் போகும்போது ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். கழிப்பறையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிற மாதிரி இருந்தால் உங்கள் பிள்ளையும் அங்கே போகாது. இரவில் படுக்கை நனைவதைப் பற்றி இப்போதைக்குக் கவலையே வேண்டாம். அது பகலுக்கு ரொம்பப் பின்னால்தான் சரியாகும். ஐந்து வயதுவரை அதை நோயாக எந்த டாக்டரும் எடுத்துக்கொள்வதில்லை.

பேத்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். கட்டிய பணம் திரும்ப வராதாம். டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்து, பப்பாளியும் தண்ணீரும் நிறையக் கொடுக்கச் சொன்னார். வலி மறக்கும்வரை வாத்து சேரின் பேச்சையே எடுக்காதீர்கள், டயப்பரில்தான் போவேன் என்றால் அதிலேயே போகட்டும் என்றார். ஒன்றரை மாத உழைப்பு போயிற்றே என்று ஆச்சிக்கு வருத்தம். நேற்று சாயங்காலம் நானே கடைக்குப் போய் டயப்பர் வாங்கி வந்தேன். இன்று காலையில் பீரோவுக்குப் பின்னால் நின்றபடியே, அழாமல் போனாள். கால் கழுவிவிட்டது நான்.