மகனிடம் யார் கேட்டார்?

அண்மையில் ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம் பெறுவதற்கு ஓர் இளைஞன் பங்குமனைக்கு வந்தான். வயது பத்தொன்பது. "எதற்குத் தம்பி?" என்று கேட்டோம்.

"வெளிநாடு போக, சுவாமி. அப்பா காணியை ஈடு வைத்திட்டார்."

"போக உனக்கு விருப்பமா?"

சற்று நேரம் பேசாமல் நின்றான். "இதை ஒருவரும் என்னட்டைக் கேட்கேல்லை, சுவாமி" என்றான்.

அந்த மறுமொழி எம்மையும் சுட்டது. ஏனெனில், அவனுக்கு மறைக்கல்வி புகட்டிய நாமும் அதுவரை அவனிடம் அதைக் கேட்டதில்லை.

இன்று எம் இளைஞர் கெட்டுப்போவதற்குக் கைத்தொலைபேசியே காரணம் என்கிறோம். "சாமம் வரைக்கும் அதோடைதான், விடிந்தால் பூசைக்கும் இல்லை, தோட்டத்துக்கும் இல்லை" என்று தாய்மார் குறைப்படுவதில் உண்மை உண்டு. போதைப்பொருளும் எம் கிராமங்களுக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் வெறுமையாய்க் கிடந்த இடத்தில்தானே இவை வந்து குடியேறின? அந்த இடம் எவ்வாறு வெறுமையாயிற்று?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 இல் வன்னியிலிருந்தும் எம் மக்கள் பெயர்ந்தனர். அன்று நாம் இழந்தது காணியை மட்டுமல்ல. தகப்பன் இறைக்க, மகன் வாய்க்காலில் தண்ணீர் மாறிய காலத்தில், இருவருக்கும் இடையே ஒரு பேச்சு இருந்தது. மகனுக்கு எதில் கை ஓடும், எதில் மனம் செல்லும் என்பதைத் தகப்பன் அங்கேதான் கண்டுகொண்டான். முகாமில் தகப்பன் நிவாரண வரிசையில் நின்றான். மகனுக்கு அருகில் நின்று செய்ய வேலை இருக்கவில்லை. பேச்சு நின்றுபோயிற்று. மீளக் குடியேறிய பின்னரும் பல வீடுகளில் அது திரும்பவில்லை.

விவிலியத்தில் வரும் கிதியோனும் எம்மைப் போன்ற ஒரு மக்களின் மகனே. விளைந்த வேளையில் பகைவர் வந்து பயிரை அழித்ததால், அம்மக்கள் மலைக் குகைகளில் ஒதுங்கினர். திராட்சை ஆலைக்குள் ஒளித்துக் கோதுமை அடித்துக்கொண்டிருந்த அவனுக்கு அங்கேயே அழைப்பு வந்தது. எலிசாவுக்கோ ஏரின் பின்னால் வந்தது. ஆகவே இடம்பெயர்ந்தவன் என்பதோ, ஏழை என்பதோ அழைத்தலுக்குத் தடையல்ல.

அழைத்தல் என்றால் குருமடம் மட்டுந்தான் என்ற எண்ணத்தை வளர்த்தவர்கள் குருக்களாகிய நாமே. இறையழைத்தலுக்கான செபநாளைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 இல் ஏற்படுத்தினார். அதே ஆண்டில், திருமுழுக்குப் பெற்ற அனைவரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. நாமோ அந்த ஞாயிறு தோறும் குருமடத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறோம். மண்ணை நஞ்சாக்காமல் பயிர் செய்பவனும், கூலியாளின் சம்பளத்தை அன்றே கொடுப்பவனும், குடியாத கணவனும் அழைக்கப்பட்டவர்களே.

வெளிநாடு போவது பிழை என்று நாம் கூறவில்லை. அங்கிருந்து வந்த பணத்தால் நிமிர்ந்த குடும்பங்கள் பல. ஆனால் தானே தேர்ந்து போவது வேறு. முகவரும் கடனும் தள்ளப் போவது வேறு. காணியை ஈடு வைக்கு முன் மகனைக் கேளுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

பெற்றோரே, மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். மாலைச் செபவேளையில் வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளையும் ஒதுக்கி வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. குத்தகைக் காணியென்றாலும் இரண்டு பரப்பை மகனின் பொறுப்பில் விடுங்கள். எதை நடுவது என்று அவனே தீர்மானிக்கட்டும், நட்டமும் அவனுக்குப் பாடமே. மூன்றாவதாக, கேளுங்கள், கேட்டபின் காத்திருங்கள். சிறுவன் சாமுவேலை அழைப்பவர் ஆண்டவரே என்பதை முதிய குருவான ஏலியே மூன்றாம் முறைதான் உணர்ந்தார். நாம் பிந்தி உணர்வதில் வெட்கமில்லை. உணராமலே இருந்துவிடுவதுதான் குற்றம்.

அந்த இளைஞனுக்குப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு தகப்பனையும் அழைத்து வரச் சொன்னோம். இருவரும் வந்து நெடுநேரம் பேசினர். முடிவு இன்னும் ஆகவில்லை. ஈட்டுக்கு வட்டியோ ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு ஓராண்டுக்கு முன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.