எழுதாத கடல் சாஸ்திரம்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டை அடுத்துள்ள வீராம்பட்டினத்தை நமது வாசகர்களிற் பலர் செங்கழுநீரம்மன் தேரினால் அறிந்திருப்பார்கள். ஆடி மாதத்தில் பிரெஞ்சு கவர்னர்களே வந்து வடம் பிடித்த தேர் அது. ஆனால் இன்று நாம் சொல்லப் புகுந்தது அவ்வூர் ஒலிபெருக்கியைப் பற்றி.

1998-ஆம் வருஷத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிக் கிராமங்களில் செய்தி நிலையங்கள் அமைக்கத் தொடங்கினார்கள். வீராம்பட்டினத்திலும் ஒன்று அமைந்தது. அமெரிக்கக் கடற்படையார் கணித்து வெளியிட்ட அலையின் உயரத்தைக் கம்ப்யூட்டரில் பெற்று, தமிழில் ஒலிபெருக்கி மூலம் செம்படவர்களுக்கு அறிவித்தார்கள். மெச்சத்தக்க காரியம். உயிரைக் காப்பதில் அந்நிய சாஸ்திரம் என்ன, சுதேச சாஸ்திரம் என்ன!

எனினும் ஒலிபெருக்கிக்கு வாய் உண்டே தவிரக் காது இல்லை. கட்டுமரம் ஏறிப் பழகிய கிழவர், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் சொல்லுவார். நீரோட்டத்தை வன்னி என்றும் தெண்டி என்றும் பிரித்தறிவார். கரையிலுள்ள கோபுரமும் பனந்தோப்பும் இன்னவாறு ஒரு கோட்டில் சேர்ந்து தோன்றினால், மீன் அண்டும் பாருக்கு நேர் மேலே வந்துவிட்டோம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாமல் அவர் நெஞ்சிலேயே இருக்கிறது. பேரனுக்கோ பைபர் படகும் எஞ்சினும் இடங்காட்டும் கருவியும் வந்துவிட்டன. பாட்டனைக் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

சென்னை மீன் இலாகாவின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களையும் வலைகளையும் குறித்து விரிவாக எழுதி வைத்தார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் நம் கரையைப் பற்றி அறிய அவர் நூலைப் புரட்டும்போது சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

கனடாவின் வட கோடியில் இனுயிட் என்னும் மக்கள் காரிபூ என்ற பனிமானை நம்பி வாழ்ந்தவர்கள். அம்மான்கள் செல்லும் தடங்களையும், பனிக்கட்டி மெலிந்த இடத்தில் அவை வீழ்ந்து மடிவதையும் முதியோர் சொல்லச் சொல்ல, அவர்கள் வீட்டு இளைஞரும் ஆராய்ச்சியாளரும் கூடி எழுதி, 2001-இல் புத்தகமாக்கினார்கள். சொன்னவர்களையும் ஆசிரியர்களாகவே அதில் குறித்தார்கள் என்பதை நாம் முக்கியமாகக் கருதுகிறோம்.

வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை. கல்லூரிகளுக்கும் விடுமுறைக் காலம் அதுதான். புதுச்சேரி மாணவர் நாலு பேர் நோட்டுப் புத்தகத்துடன் வீராம்பட்டினத்து மணலில் போய் உட்காரலாம். கிழவர்கள் அங்கேதான் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.