பெட்டியின் மேலுள்ள எண்ணும் காதில் விழும் ஒலியும்

ஒரே மேசை பகலில் அலுவலகமாகவும் மாலையில் பிள்ளைகளின் வகுப்பறையாகவும் இரவில் பாட்டுக் கேட்கும் இடமாகவும் ஆகிவிட்ட வீடுகள் இன்று பல. அந்த மேசைக்கு ஒரு சிறிய ஸ்பீக்கரும் ஒரு ஹெட்போனும் வேண்டும். இரண்டுக்குமாக மூவாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். தொகையைச் சரிபாதியாகப் பிரிப்பதே பலருடைய வழக்கம். அதில் நமக்கு உடன்பாடில்லை. பெரும்பங்கு ஹெட்போனுக்கே செல்ல வேண்டும்.

ஸ்பீக்கர் அறை முழுவதிலும் உள்ள காற்றை அசைத்தாக வேண்டும். அதற்குப் பெரிய கூம்பும் அதிராத பெட்டியும் நல்ல மின்பெருக்கியும் தேவை. மூன்றும் விலை கூடியவை. ஹெட்போனோ காதருகே உள்ள சிறிதளவு காற்றை அசைத்தால் போதும். ஆகவே இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போன் தரும் தெளிவை ஸ்பீக்கரில் பெறப் பன்மடங்கு செலவிட வேண்டியிருக்கும். அடுத்த அறையில் ஒருவர் உறங்கும்போது ஹெட்போனின் பயன் இன்னும் தெளிவாக விளங்கும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. பி.எம்.பி.ஓ. என்று குறிப்பது கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைச் சொல்வதாகக் கூறப்படும் எண். அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. தொண்ணூறுகளின் டேப் ரெக்கார்டர்களில் இவ்வெண் ஆயிரக்கணக்கில் இருந்தது. அதை நம்பியிருந்தால் அந்தப் பெட்டி ஒன்றே கலியாண மண்டபத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும்! பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண். அதையும் சற்றுச் சரிபார்க்கலாம். கணினியின் யு.எஸ்.பி. 2.0 துளை தரக்கூடியது 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட். அத்துளையிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் ஸ்பீக்கர் இடைவிடாமல் பத்து வாட் ஒலி தரும் என்றால், மிச்ச வாட் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

குறைந்த விலையில் தனி வூஃபர் பெட்டியுடன் வரும் 2.1 வகையையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். அதே பணத்தை மூன்று பெட்டிகளுக்குப் பங்கிடும்போது எல்லாமே மலிவாகிவிடுகின்றன. குமுறும் ஓசை மிகுந்து பேச்சுக்குரல் மங்குகிறது. பாடமும் செய்தியும் கேட்கும் வீட்டுக்குக் குரல் தெளிவே முதன்மை. இரண்டு பெட்டி மட்டும் உள்ள 2.0 வகையை வாங்கி, சுவர் மூலையை விட்டு விலக்கி, இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் காது மட்டத்துக்கு உயர்த்தி, நம்மை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள். காசு செலவில்லாத இந்த மாற்றம், இன்னும் ஆயிரம் ரூபாய் கூட்டி வாங்கியது போன்ற வேறுபாட்டைக் காட்டக்கூடும்.

ஹெட்போனில் கம்பியுள்ளதே நம் தேர்வு. கம்பியில்லாச் சிறு இயர்பட்களின் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழியில்லை. ப்ளூடூத்தில் மைக்கைப் பயன்படுத்தும்போது கேட்கும் ஒலியின் தரமும் பலவற்றில் குறைந்துபோகிறது. கம்பி ஹெட்போனிலோ காதுறை கிழிந்தால் உறையை மட்டும் மாற்றலாம். ஓம் என்ற மின்தடை எண் 16 முதல் 32 வரை இருக்கட்டும். 250 ஓம் உள்ளவை பெரும்பாலும் தனி மின்பெருக்கி இன்றிக் கைப்பேசியில் போதிய ஒலி தருவதில்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒலி அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரமும், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரமும் பாதுகாப்பான எல்லை. ஒலி 3 டெசிபல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. காதை நன்கு மூடும் ஹெட்போன் வெளியிரைச்சலைத் தடுப்பதால் ஒலியைக் கூட்டத் தோன்றாது. விலையில் ஐந்நூறு ரூபாயைக் குறைக்க எண்ணும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனித் தவணை. வங்கியின் இதழில் இதைப் படிப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இத்தகைய சிறு பொருளைத் தவணையில் வாங்குவது நமக்கு ஏற்புடையதன்று. பூச்சிய வட்டி என்பதாக ஒன்று இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. இன்று ‘செலவில்லாத் தவணை’ எனப்படுவதில் வட்டித் தொகை பொதுவாக விலைத் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையிலேயே விழுகின்றன. அக்கட்டணம் 199 ரூபாய் என்று கொண்டால், 18 சதவீத வரி சேர்ந்து ஏறத்தாழ 235 ரூபாய். மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இது எட்டு சதவீதத்தை நெருங்குகிறது. அதே மூவாயிரத்தை மாதம் ஐந்நூறாக ஆறு மாதத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், விழாக்காலத் தள்ளுபடி வரும்போது முழுப்பணமும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும்.