புள்ளியை முழுங்காத ஸ்கேன்!

செமஸ்டர் நெருங்கினால் போதும்... சீனியரின் நோட்ஸ், லைப்ரரியின் பழைய புத்தகம், போன வருஷ கொஸ்டின் பேப்பர் என எல்லாமே ஸ்கேனருக்கு அடியில் போய்ப் படுத்துக்கும். ஸ்கேன் பண்றது ஈஸி. அதைச் சேமிச்சு வைக்கிறதுதான் தலைவலி!

கணக்குப் பாருங்க. ஒரு ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 பிக்ஸல்கள். மொத்தம் சுமார் 87 லட்சம். கலர் பிட்மேப்பில் ஒரு பிக்ஸலுக்கு 3 பைட். ஆக, ஒரே பக்கம் 26 எம்.பி! 200 பக்கம்னா 5 ஜி.பி.யைத் தாண்டிடும்.

'ஜேபெக் ஆக்கிட்டா போச்சு'ங்கிறீங்களா? அது போட்டோவுக்காகப் பிறந்தது. ரொம்ப அழுத்தினால், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆக்கிடும்.

இதுக்குன்னே 1990-களில் ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்தில் உருவானதுதான் 'தேஜாவூ' ஃபார்மட். செய்தவர்களில் ஒருத்தர் யான் லெகுன். ஆமாங்க, இன்னிக்கு ஏ.ஐ. உலகில் அடிக்கடி அடிபடுற அதே பெயர்தான்!

தேஜாவூவின் தந்திரம் சிம்பிள். பக்கத்தைப் பிரிச்சு மேயும். எழுத்துகளை முழுத் துல்லியத்தோடு ஓர் அடுக்கில் வைக்கும். தாளின் நிறம், படம் போன்றவற்றைக் குறைந்த துல்லியத்தில் இன்னோர் அடுக்கில் தள்ளிடும். அதோட, ஒரு பக்கத்தில் 'க' நூறு தடவை வந்தால் நூறையும் தனித்தனியா சேமிக்காது. ஒரு வடிவத்தை வெச்சுக்கிட்டு, 'இது எங்கெங்கே வருது' என்று மட்டும் குறிச்சுக்கும்.

செய்முறை இதோ:

* எழுத்து மட்டுமே உள்ள பக்கமா? 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து கறுப்பு-வெள்ளையா மாத்துங்க. பிக்ஸலுக்கு ஒரு பிட்தான். 26 எம்.பி. அப்பவே 1 எம்.பி. சொச்சமா இறங்கிடும்.

* 'தேஜாவூ லிப்ரே' இலவச மென்பொருள். அதிலுள்ள சி.ஜே.பி.2 கறுப்பு-வெள்ளைப் பக்கங்களுக்கு, சி44 போட்டோக்களுக்கு. பி.எம்.பி. ஃபைலை அப்படியே கொடுத்தால் சி.ஜே.பி.2 வாங்காது. பி.பி.எம். ஆக மாத்திக் கொடுங்க.

* தனித்தனிப் பக்கங்களை ஒரே ஃபைலாகச் சேர்க்க டி.ஜே.வி.எம்.

இனிதான் உஷார்! சி.ஜே.பி.2-வில் 'லாஸி'ன்னு ஓர் ஆப்ஷன் இருக்கு. ஃபைல் இன்னும் சுருங்கும். ஆனால், கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற வடிவங்களை 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று முடிவு பண்ணிடும். 2013-ல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் அளவு எண்களே மாறியிருந்ததைக் கண்டுபிடிச்சார். காரணம், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜேபிக்2 சுருக்க முறை. எழுத்து மங்கியிருந்தால் பரவாயில்லை, சந்தேகமாவது வரும். பளிச்சுன்னு தப்பா இருந்தா யாருக்குத் தெரியும்?

நம்ம தமிழுக்கு ஆபத்து அதிகம். 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் வித்தியாசம் ஒரு சின்னக் கோடு. ஏரி, எரியானா? தூசி துடைக்கிற ஆப்ஷன்களும் மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசின்னு நினைச்சுடலாம். கறுப்பு-வெள்ளையா மாத்தும்போதே மங்கலான புள்ளி காணாமப் போகலாம். பல் மருத்துவர், பல மருத்துவர் ஆயிடுவார்!

அதனால நஷ்டமில்லாத 'லாஸ்லெஸ்' முறையையே வெச்சுக்கங்க. சின்ன எழுத்து உள்ள ரெண்டு பக்கத்தை, எண்கள் நிறைந்த ஒரு பக்கத்தை ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பாருங்க. அதுவரை ஒரிஜினல் ஸ்கேனை டெலீட் பண்ணாதீங்க.

இன்னொண்ணு... தேஜாவூவைத் திறக்க போனில் தனி ஆப் வேணும். இன்டர்நெட் ஆர்க்கைவே 2016-ல் புதுசா தேஜாவூ தயாரிப்பதை நிறுத்திடுச்சு. ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்ப பி.டி.எஃப்.தான் வசதி. அதே லிப்ரேயின் டி.டி.ஜே.வூ மாத்திக் கொடுத்துடும். சைஸ் மட்டும் கொஞ்சம் பெருக்கும்.

அடுத்த வாரம் பார்ப்போமா!