குழாயடிக் கல்வாழை

செடி வளர்ப்பதன் நன்மைகளைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவி நம் பள்ளியில் இல்லை. நாங்களும் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால், நட்ட செடியைக் காப்பாற்றினோமா? இக்கேள்வியை எங்களையே கேட்டுக்கொண்டபோது நாங்கள் தலைகுனிய நேர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது பன்னிரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை வராந்தாவில் வரிசையாக வைத்தோம். தொட்டிகளில் எங்கள் பெயர்களையும் எழுதினோம். குடிநீர்க் குழாயிலிருந்து வாளி வாளியாக ஊற்றினோம். கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது மிஞ்சியவை மூன்றே! அதே வேளையில், கை கழுவும் குழாயடியில் யாரும் கவனியாத கல்வாழை ஆளுயரம் வளர்ந்து, அகன்ற இலைகளை விரித்து, செக்கச் செவேலென்று பூத்து நின்றது. விடுமுறையில் காவலர் தாத்தா பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதுமானதாக இருந்தது.

கனகம்மாசத்திரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் நமக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் குடம் சுமந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் தோழியர் எங்கள் வகுப்பிலேயே உண்டு. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நம் மாவட்டத்துப் பூண்டி ஏரி வறண்டதையும், சென்னை நகரம் தண்ணீருக்குத் தவித்ததையும் மறக்க முடியுமா? அப்படியிருக்க, குடிக்கும் நீரை அழகுச் செடிக்கு ஊற்றுவது முறையாகுமா?

"அப்படியானால் அழகுச் செடியே வேண்டாம்" என்பர் சிலர். அதை நாங்கள் ஏற்கவில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சி எல்லோருக்கும் வேண்டும். செடியை வராந்தாவில் வைக்காமல், கழிவுநீர் செல்லும் வழியில் வைப்போம் என்பதே எங்கள் கருத்து.

கல்வாழை அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. ஈரத்தை விரும்புவது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துக்களை அதன் வேர்கள் உறிஞ்சுகின்றன. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி, நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையை ஆராய்ந்தார். இன்று பல நாடுகளில் இம்முறைக்குக் கல்வாழையும் பயன்படுகிறது. நம் பாட்டிமார் சலதாரையோரம் வாழையும் சேம்பும் வைத்ததை இங்கு நினைத்துப் பார்க்கலாம். எனினும் அந்த நீர் குடிக்க உதவாது என்பதை மறந்துவிடக் கூடாது.

வளர்ப்பு முறை எளிது. நல்ல வெயில் படும் இடத்தில், கிழங்கை நான்கு விரற்கடை ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டு நட வேண்டும். தண்ணீர் குட்டையாகத் தேங்கினால் கொசு பெருகும். ஆகவே சிறு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்தால் புதிய குருத்துகள் கிளம்பும். இலையைச் சுருட்டும் புழுவைக் கையாலேயே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதரைப் பிரித்து வேறிடத்தில் நடலாம். கருமணி போன்ற அதன் விதைகளைக் கோத்துச் சில நாடுகளில் ஜெபமாலையும் செய்கிறார்கள்!

அன்புத் தங்கைகளே! இவ்வாண்டுடன் நாங்கள் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். பழைய புதரைப் பிரித்து, சத்துணவுக் கூடத்துச் சலதாரையோரம் எட்டுக் கிழங்குகள் நட்டிருக்கிறோம். சாப்பிட்டபின் தட்டு கழுவும் நீர் அங்கேயே செல்லட்டும். வாய்க்கால் அடைபட்டால் மட்டும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். இம்முறை எங்கள் பெயரை எங்கும் எழுதவில்லை. அடுத்த ஜூன் மாதம் செடிகள் உயிரோடு இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.