தெருவின் உரிமையும் வீட்டுவாசல் கடையும்



தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை எனத் தென்சென்னையின் புறநகர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி வருகின்றன. அவற்றோடு ஒரு சச்சரவும் பெருகி வருகிறது. வீட்டின் முன்னறையில் மளிகைக்கடை வைத்துப் பிழைப்பவர் ஒருபுறம். இது குடியிருப்புப் பகுதி, இங்கே கடை கூடாது என்று மனு எழுதும் அண்டைவீட்டார் மறுபுறம். ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களே இவ்விரு தரப்பிலும் இருப்பதுண்டு. எனவே இது பற்றிச் சட்டமும் மார்க்கமும் என்ன கூறுகின்றன என்பதை அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

முதலில் சட்டம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் பெருந்திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அது நிலங்களைப் பயன்பாட்டு மண்டலங்களாகப் பிரிக்கிறது. வீடுகளுக்கென வகுக்கப்பட்ட முதன்மைக் குடியிருப்பு மண்டலத்திலும் அன்றாடத் தேவைக்கான சிறுகடைகளை அது விலக்கவில்லை. மளிகை, பால், தேநீர், ஆட்டிறைச்சி, தையல், சைக்கிள் பழுதுபார்ப்பு ஆகியவை அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளின் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளன. ஆகவே, குடியிருப்புத் தெருவில் கடையே கூடாது என்ற வாதத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

இந்த அனுமதிக்கு நியாயம் உண்டு. மூட்டுவலியால் அவதியுறும் மூதாட்டி ஒரு பால் பாக்கெட்டுக்காக ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டுமா? சம்பளம் வரும் வரை கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பது தெருமுனைக் கடையே அன்றிப் பேரங்காடி அன்று. கணவரை இழந்த ஒரு பெண் பிள்ளைகளைப் பிரியாமல் ஹலாலான ரிஸ்க்கைத் தேடிக்கொள்ள வீட்டுவாசலை விட ஏற்ற இடம் எது? அத்தகைய கடையை மூட மனுவில் கையெழுத்திடுபவர், ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கிறோமா என்று ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

ஆனால் கடை வைக்கும் உரிமை தெருவை எடுத்துக்கொள்ளும் உரிமையாகாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தெருக்களில் நிகழும் தீமைகளைத் தனியே விவரிக்கிறார்கள். வீட்டோடு ஒட்டித் திண்ணை கட்டுவது, கூரையை வெளியே நீட்டுவது, சரக்கு மூட்டைகளை வழியில் அடுக்குவது ஆகியவை பாதையைக் குறுக்கி நடப்பவருக்கு இடையூறு தருமாயின், அவை தடுக்கப்பட வேண்டிய தீமைகள் என்கிறார்கள். அதே நேரத்தில், வந்த சரக்கை உள்ளே எடுத்துச் செல்லும் வரை தெருவில் வைப்பதையும், ஏறி இறங்கும் நேரத்திற்கு மட்டும் வாகனப் பிராணியை நிறுத்துவதையும் அனுமதிக்கிறார்கள். ஏனெனில் அது எல்லோருக்கும் பொதுவான தேவை. வழியில் அறுத்து இரத்தத்தால் தெருவை அசுத்தமாக்கும் கறிக்கடைக்காரரைக் கண்டித்து, அதற்கான இடத்தைக் கடைக்குள்ளேயே அமைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த இமாமின் அளவுகோல் நம் தெருவுக்கும் அப்படியே பொருந்துகிறது. சரக்கு வேன் பத்து நிமிடம் நின்று இறக்கிவிட்டுப் போனால் பொறுத்துக்கொள்வது அண்டைவீட்டாரின் கடமை. மழைநீர்க் கால்வாயின் மேல் தகரக் கூரை இறக்கி, குளிர்பானப் பெட்டிகளை நிரந்தரமாக அடுக்கிவைப்பது அநீதி. அதில் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

கண்ணுக்குத் தெரியாத வரம்புமீறல்களும் உள்ளன. வீடுகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை அரசு இலவசமாக வழங்குகிறது. அந்த இணைப்பிலேயே கடையின் குளிர்பதனப் பெட்டியை ஓட்டுவது அமானத்திற்கு மாறானது. கடைக்கு வணிக இணைப்பே முறை. மாநகராட்சியின் தொழில் உரிமம் பெறவேண்டும். சிறிய உணவுப்பொருள் கடைக்கு, குறைந்த கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு கிடைக்கிறது. கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு அப்பாலும் அதை விற்காமலிருப்பதே முஸ்லிம் வணிகருக்கு அழகு.

இங்கே மஹல்லா ஜமாஅத்துக்கு ஒரு பணி உள்ளது. மனு அலுவலகத்தைச் சென்றடையும் முன் இரு தரப்பையும் அமர்த்திப் பேசவைக்கலாம். உரிமப் படிவத்தை நிரப்பத் தெரியாத சகோதரிக்கு நம் பட்டதாரி இளைஞர்கள் உதவலாம். இரண்டாம் பெருந்திட்டத்தின் காலவரம்பு 2026. மூன்றாம் பெருந்திட்டத்தின் மீது மக்களின் கருத்து கேட்கப்படும்போது, சிறுகடைகளுக்கான இடம் சுருங்காதிருக்கவும் நடைபாதை நடப்பவருக்கே இருக்கவும் வேண்டுமென நாம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தாம்பரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைத்து 2021இல் மாநகராட்சி உருவான பின், நம் தெருக்கள் பெருநகரத்தின் விதிகளோடு மேலும் நெருங்கிவிட்டன. விதி எழுதப்பட்ட பின் வருந்துவதில் பயனில்லை.

பாதைக்கு அதன் உரிமையை வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்பித்தார்கள். அண்டைவீட்டாரின் உரிமையையும் அவ்வாறே வலியுறுத்தினார்கள். இவ்விரண்டையும் பேணி நடத்தப்படும் கடை தெருவுக்கு ஒரு நன்மை. நம் வணிகத்திலும் அண்டை உறவிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.